மாமனாருக்குச் சொத்தைப் பல் வருமா?

பல் டாக்டர்களில் இரண்டு ரகம் உண்டு. வாயைத் திறந்து பார்ப்பவர்கள் ஒரு ரகம். வாயைப் பற்றி வாய் கிழியப் பேசுபவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்கு கிளினிக் இருக்கும், கார் இருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் போன் அடிக்கும். இரண்டாம் ரகத்துக்குக் கல்லூரியில் ஒரு மேஜையும், தலைக்கு மேல் தள்ளாடிக்கொண்டு சுற்றும் ஒரு ஃபேனும் இருக்கும். நான் இரண்டாம் ரகம். துறையின் பெயர் சமூகப் பல் மருத்துவம். ஒரு தாலுகாவில் எத்தனை பேருக்குச் சொத்தைப் பல் வரும் என்று கேளுங்கள், விரல் நுனியில் வைத்திருப்போம். எதிரில் ஒரே ஒரு ஆளை உட்காரவைத்து இவருக்கு என்ன என்று கேட்டால்தான் லேசாக வியர்க்கும். (என் அம்மா அக்கம்பக்கத்தில், "எம்புள்ள பல்லு புடுங்கற டாக்டர் இல்ல, அதுக்கும் மேல" என்று சொல்லிவைத்திருக்கிறாள். மேலா கீழா என்று நான் விளக்கப் போனதில்லை.)

படித்து முடித்த கையோடு திருவள்ளூர்ப் பக்கம் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரமே நாட்டின் மருத்துவக் கல்வியைத் திருத்துவது என்று முடிவு செய்துவிட்டேன். வேறு வேலையும் எனக்கு இல்லை.

என் பாடம் சொத்தை அபாயக் கணிப்பு. ஒருவருக்கு இனிமேல் பல் சொத்தையாகுமா, ஆகுமென்றால் வாய்ப்பு அதிகமா, நடுத்தரமா, குறைவா என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்வது. மாணவர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். எந்த நோயாளியைக் காட்டினாலும், "மாடரேட், சார்" என்பார்கள். நடுவில் நின்றுகொண்டால் எந்தப் பக்கத்திலிருந்தும் அடி விழாது என்பது அவர்களுடைய நான்கு வருடப் படிப்பின் சாரம்.

"ஏன் மாடரேட்?" என்று கேட்டால், "ஸ்வீட் சாப்பிடறாரு, ஆனா பல்லும் தேய்க்கறாரு, சார்" என்று பதில் வரும்.

எனக்கு ரத்தம் கொதிக்கும். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ராத்திரி காவலுக்கு இருக்கிறவர் ஒரு ஃப்ளாஸ்க் டீயை விடியும் வரை வாய் வாயாக உறிஞ்சுகிறார். அதே அளவு டீயை இன்னொருவர் சாப்பாட்டோடு ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போகிறார். இரண்டு பேரும் ஒன்றா? எச்சில் நன்றாகச் சுரக்கிறதா, அதை வற்றடிக்கிற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, வாய் எத்தனை மணி நேரம் இனிப்பில் ஊறுகிறது என்றெல்லாம் யோசிக்க வேண்டாமா? இப்படியெல்லாம் வகுப்பில் நான் கத்துவேன். மாணவர்கள் தலையாட்டுவார்கள். மறுநாள் "மாடரேட், சார்" என்பார்கள்.

அதற்காகத்தான் என் புரட்சிகரமான முறையைக் கண்டுபிடித்தேன். நோயாளி நாற்காலியில் உட்காருவார். மாணவர்கள் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லக் கூடாது. வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடி, கொக்கி எல்லாம் என் மேஜை டிராயரில் பூட்டியிருக்கும். கேட்டு, யோசித்து, வாதாடி, ஒரு முடிவைக் கரும்பலகையில் எழுதிய பிறகுதான் டிராயர் திறக்கும். வாயைப் பார்த்துவிட்டால் மூளை தூங்கிவிடும் என்பது என் சித்தாந்தம். (ஏற்கெனவே வந்த சொத்தைதான் இனி வரப்போகும் சொத்தைக்கு ஆகப் பெரிய அறிகுறி என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நான் வேகமாகப் புரட்டிவிடுவேன்.)

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து இந்த முறையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். எல்லா பேட்ச்சுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றேன். பிரின்சிபல் மேடம் அதிகம் பேசாதவர். "ஒரு நாள் வந்து பார்க்கறேன், டாக்டர்" என்றார். நாளும் குறித்துவிட்டார்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் சுகன்யா, திருநின்றவூரில் பள்ளிக்கூட ஆசிரியை. வீடு செவ்வாப்பேட்டை. அவளுடைய அப்பா ஏகாம்பரம், கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, நறுக்கிய மீசை, நிமிர்ந்த நடை. பெண் பார்க்கப் போன அன்று அவர் சிரித்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்படி ஒரு பல்வரிசை. அறுபது வயதில் ஒரு கறை இல்லை, ஒரு இடுக்கு இல்லை.

எல்லாரும் இருக்கும்போதே, "மாமா, உங்க வயசுல இப்படி ஒரு பல்லை நான் பார்த்ததே இல்ல" என்றேன். தொழில் ரீதியான பாராட்டு. அவர் வாயை மூடிக்கொண்டார். சுகன்யா குனிந்து புடவைத் தலைப்பைப் பார்த்தாள். அவள் அம்மா, என் வருங்கால அத்தை, அவசரமாகச் சமையலறைக்குள் போனாள். எவ்வளவு அடக்கமான குடும்பம் என்று நெகிழ்ந்துபோனேன்.

மேடம் வரும் நாளும் வந்தது. அன்றைக்கு நான் தயார் செய்திருந்த நோயாளி ஒரு லாரி டிரைவர். ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு பாடம். அப்படிப்பட்ட வாய் கிடைப்பது அரிது. ஆனால் அது பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு நடக்கிற வாரம் என்பதை நான் மறந்துவிட்டேன்.

பல் மருத்துவக் கல்லூரி நடைமுறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வுக்கான நோயாளியை மாணவனேதான் பிடித்து வர வேண்டும். பாடத்துக்குப் பொருத்தமான பல், பொருத்தமான இடத்தில், பொருத்தமான ஆழத்தில் சொத்தையாகியிருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் கிடைத்துவிட்டால் பஸ் ஏற்றி, டிபன் வாங்கிக் கொடுத்து, பாத்ரூம் போனால்கூட வாசலில் காவல் நிற்பார்கள். அசந்தால் இன்னொரு மாணவன் தள்ளிக்கொண்டு போய்விடுவான். என் லாரி டிரைவரை எவனோ ஒரு இறுதி ஆண்டுக்காரன் பிரியாணி காட்டித் தள்ளிக்கொண்டு போய்விட்டான். பத்து மணிக்கு வகுப்பு. மேடம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். நாற்காலி காலி.

அப்போதுதான் வராந்தாவில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. கையில் துணிப்பையோடு ஏகாம்பரம் மாமா. கல்யாணப் பத்திரிகையில் என் பட்டத்தை எப்படிப் போட வேண்டும் என்று நேரிலேயே கேட்டுப் போக வந்திருந்தார். எனக்குக் கடவுளே சட்டை மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

"மாமா, ஒரு உதவி. அரை மணி நேரம் வந்து உட்காருங்க. சும்மா கேள்வி கேப்பாங்க, அவ்ளோதான்."

அவர் ஒரு அடி பின்னால் போனார். "எதுக்கு மாப்ள நானு? வேற யாராவது…"

"வேற யாரும் இல்ல, மாமா. பிரின்சிபல் வந்து உக்காந்திருக்காங்க. என் மானமே உங்க கைலதான் இருக்கு."

"இல்ல மாப்ள, எனுக்கு இந்த இடம்னாலே கொஞ்சம் பேஜாரு. ரெண்டு வருசத்துக்கு மின்ன ஒரு தபா இங்க வந்து…"

"அட, பயப்படாதீங்க, மாமா. யாரும் எதையும் தொட மாட்டாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்கக்கூட இல்லை. அடுத்த அரை மணி நேரம் நான் நடத்தப்போகிற பாடம், நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்பது.

மாமா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். என் மாணவர்கள் சுற்றி நின்றார்கள். பிரியதர்ஷினி என்று ஒரு கெட்டிக்காரப் பெண். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே உள்வாங்கியவள். (அன்றைக்குப் பிறகு அந்தத் தப்பை அவள் செய்யவில்லை.)

"ஐயா, ஒரு நாளைக்கு எத்தன டீ குடிப்பீங்க?"

"அஞ்சாறு இருக்கும்மா. நைட் ஷிஃப்ட்ல இருந்தப்போ கணக்கே கெடையாது."

மாணவர்களின் முகம் மலர்ந்தது. "சக்கரை போட்டா, ஐயா?"

"பின்ன இன்னா, உப்பு போட்டா?"

வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"பல்லு எப்போ எப்போ தேய்ப்பீங்க?"

"காலைல ஒரு தபா. அப்பாலிக்கா நைட்டு கழட்டி வெச்சிட்டு…" என்றவர் சட்டென்று நிறுத்தி இருமினார். "கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு தேய்ப்பேன்."

நான் உடனே கையை உயர்த்தினேன். "கவனிச்சீங்களா? கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தேய்க்கிறார். அப்படியென்றால் தேய்க்கும்போது அவருக்குப் பல் சரியாகத் தெரியாது. பின்பக்கக் கடைவாயில் என்ன ஆகும்? யோசியுங்கள்." மாணவர்கள் பரபரவென்று குறித்துக்கொண்டார்கள். ஒரு மனிதர் அவசரத்துக்குச் சொன்ன பொய்யிலிருந்து நான் ஒரு தத்துவத்தையே கட்டி எழுப்பிவிட்டேன்.

"ஐஸ் தண்ணி குடிச்சா கூசுமா, ஐயா?"

"ஒண்ணும் ஆவாது."

"வலி ஏதாவது?"

"இந்த ரெண்டு வருசமா ஒரு வலியும் இல்லம்மா. சாமி சத்தியமா."

"இவ்வளவு டீ, இவ்வளவு சர்க்கரை, ஆனால் கூச்சமும் இல்லை, வலியும் இல்லை. ஏன்?" என்று நான் வகுப்பைப் பார்த்துக் கேட்டேன்.

ஒருவன் யோசித்து, "நரம்பு செத்துப் போயிருக்கலாம், சார்" என்றான்.

"அற்புதம்" என்றேன்.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. டில்லிபாபு. ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பையன், படிப்பை முடித்துப் பயிற்சியில் இருந்த ஹவுஸ் சர்ஜன். என் வகுப்பில் அதுவரை அவன் வாயைத் திறந்ததே கொட்டாவிக்குத்தான். கொஞ்ச நேரமாக அவன் மாமாவைப் பார்ப்பதும், மாமா அவனைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டுவதும், அவன் தரையைப் பார்ப்பதுமாக இருந்ததை நான் கவனித்திருந்தேன். நோயாளிக்கும் மாணவனுக்கும் நல்ல உறவு மலர்கிறது என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன்.

"ரிஸ்க் இல்ல, சார்" என்றான்.

"லோ ரிஸ்க் என்கிறாயா?"

"லோ கூட இல்ல, சார். இல்லவே இல்ல."

வகுப்பு என்னைப் பார்த்தது. மேடம் அவனைப் பார்த்தார். நான் சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். "டில்லிபாபு, உலகத்தில் சொத்தை அபாயமே இல்லாத மனிதன் என்று ஒருவனும் கிடையாது. நீ ஒரு கேள்வியாவது கேட்டாயா? ஒரு ஆதாரமாவது வைத்திருக்கிறாயா? இப்படி மனதில் தோன்றியதைச் சொல்வதற்குப் பெயர் சிந்தனை இல்லை, ஜோசியம்."

"சார், ஒரு தபா மிரர் வெச்சுப் பாத்தா…"

"அதைத்தான் செய்யக் கூடாது என்கிறேன். உட்கார்."

உட்கார்ந்தான். மாமா பெருமூச்சு விட்டார். பிரியதர்ஷினி தலைமையில் வாதம் நடந்து, ஏகமனதாக முடிவாகி, நானே கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: மிக அதிக அபாயம். கீழே இரண்டு கோடும் போட்டேன்.

பிறகு டிராயரைத் திறந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். "மாமா, கொஞ்சம் வாயைத் திறங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "மாப்ள, வேணாம். ஊட்டுக்குப் போயி பேசிக்கலாம்" என்றார்.

"வலிக்காது, மாமா" என்றேன் எல்லாருக்கும் கேட்கும்படி.

மாமா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலை உள்ளே விட்டு, மேல்வரிசையைக் கழற்றி எடுத்து ஸ்டீல் தட்டில் வைத்தார். அப்புறம் கீழ்வரிசை. இரண்டும் தட்டில் 'ணங்' என்று விழுந்த சத்தத்தில் ஃபேன் சத்தம்கூட நின்றுவிட்டது போலிருந்தது. வாயில் ஒரு பல் இல்லை. வெறும் ஈறு.

மேடம்தான் முதலில் பேசினார். "ஹை ரிஸ்க்குன்னு எழுதியிருக்கீங்களே டாக்டர், எந்தப் பல்லுக்கு?"

வகுப்பு வெடித்தது. பிரியதர்ஷினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. டில்லிபாபு மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, தட்டிலிருந்த பல்லைக் கழுவி, இரண்டு கையாலும் மாமாவிடம் கொடுத்தான். மாமா மாட்டிக்கொண்டார், சட்டையை நீவிவிட்டுக்கொண்டார், துணிப்பையை எடுத்தார். "வரேன் மாப்ள" என்றார். பத்திரிகையில் என் பட்டத்தை எப்படிப் போடுவது என்று கேட்கவே இல்லை.

டில்லிபாபுதான் பிறகு சொன்னான். இறுதி ஆண்டில் அவன் கட்டிய பல் செட்டு அது. வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாமா வாக்கு வாங்கியிருந்தாராம்.

"ஏன்டா, ஜாடையாவது காட்டியிருக்கக் கூடாதா?"

"அதான் சார் ரிஸ்க் இல்லன்னு சொன்னேன்" என்றான்.

அன்று சாயங்காலம் சுகன்யாவிடமிருந்து போன் வந்தது. "இன்னா பண்ணீங்க எங்கப்பாவ? வந்ததுலேர்ந்து ரூம்ல போய்ப் படுத்துக்கினு இருக்காரு. ஒரு வாய் சாப்புடல. செட்டக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டாரு. இனிமே மாட்ட மாட்டேன்றாரு. கல்யாணப் பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போயிடறாரு."

நடந்ததைச் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் சுகன்யா.

"என்ன?"

"அது செட்டுன்னு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அப்படிப் புகழ்ந்தீங்களே. எல்லாம் தெரிஞ்சும் பெரிய மனசோட மரியாதையா பேசறீங்கன்னு நாங்க நெனச்சிக்கினு இருக்கோம். எங்கம்மா அதுக்காகத்தான் இந்த இடத்தையே முடிச்சாங்க."

என் பெருந்தன்மைக்காகக் கிடைத்த பெண், என் மடத்தனத்தால் கை நழுவப் போகிறாள். அதைவிட மோசமாக இன்னொன்றையும் சுகன்யா சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு இடத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். போகும்போது அவர்களில் ஒருவர், பெண்ணின் அப்பாவுக்கு வாயில் பல்லில்லை, பார்க்க நன்றாக இல்லை என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாரமே மாமா எங்கள் கல்லூரிக்கு வந்து பல் கட்டிக்கொண்டார். மகள் கல்யாணத்துக்காகக் கட்டிய பல்லை, அந்த மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனே நாலு பேர் முன்னால் கழற்ற வைத்துவிட்டான். போனை வைத்த பிறகு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். "செட்டா? நமக்கு ஏன் சொல்லல?" என்று முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "அத நீயே கண்டுபுடிச்சிருக்கணும். உன்னப் படிக்க வெச்ச என்னச் சொல்லணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபுவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிச் செவ்வாப்பேட்டையில் இறங்கினேன். தனியாகப் போகத் தைரியம் இல்லை. மாமா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயில் செட்டு இல்லை. கன்னம் ஒட்டி, பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தார். டில்லிபாபுவைப் பார்த்து, "வா நைனா" என்றார். அவனுக்கு மட்டும் எதிர் நாற்காலியைக் காட்டினார். சுகன்யா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மன்னிக்கறதுக்கு இன்னா மாப்ள இருக்கு? பொண்ணுக்கு அப்பன் பல்லுலயே பொய் சொல்றான், மத்ததுல இன்னா சொல்லுவான்னு உங்க ஊட்ல பேசியிருப்பாங்கோ. உங்களுக்கு வேணாம்னு தோணியிருக்கு. அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். என்ன அங்க இட்டும்போயி, அத்தினி பசங்க எதிர்ல உக்கார வெச்சி, கேள்வி மேல கேள்வி கேட்டு, கடைசில கழட்ட வெச்சி அசிங்கப்படுத்தியிருக்க வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வேண்டுமென்றே திட்டம் போட்டுச் செய்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பல் டாக்டருக்குச் செட்டுப் பல் தெரியாமலா இருக்கும்? அவர் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. நியாயமாக யோசித்தால் எவரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது, மாமா."

"வேணாம் மாப்ள. சமாதானத்துக்கு சொல்லாதீங்க."

அப்போது டில்லிபாபு வாயைத் திறந்தான். "ஐயா, சார் மேல கோவப்படாதீங்க. சாருக்கு நெஜமாவே தெரியாது. சார் நல்லவரு. இந்தப் பல்லு விஷயத்துல மட்டும்தான் கொஞ்சம்…" என்று கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினான். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் இவ்வளவு உருக்கமாக வாதாடியதில்லை.

மாமா நம்பவில்லை. என்னையே உற்றுப் பார்த்தார். சரியாக அந்த நேரம் அத்தை காபி கொண்டுவந்து, பாவம், நிலைமையைச் சமாளிக்க என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாமா சட்டென்று, "அப்ப இவளுது சொல்லுங்க. நெஜப் பல்லா, செட்டா?" என்றார்.

கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அந்த ஒரு விடையில் தொங்கியது. இந்த முறை ஏமாறக் கூடாது என்று அத்தையின் வாயை நிதானமாகப் பார்த்தேன். வரிசை சீராக இருந்தது. நிறம் ஒரே மாதிரி இருந்தது. வயதும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். அன்றைக்குப் பட்ட அடியையும் நினைத்துக்கொண்டேன்.

"செட்டு, மாமா" என்றேன் உறுதியாக.

அத்தையின் சிரிப்பு அப்படியே நின்றது. "இன்னாது?" என்றாள். காபியை டொக்கென்று ஸ்டூலில் வைத்துவிட்டு, முன்பல்லை விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினாள். ஆடவில்லை. ஒவ்வொரு பல்லாக ஆட்டிக் காட்டினாள். அத்தனையும் சொந்தப் பல்.

மாமாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு தொடையில் அடித்துக்கொண்டு, பல்லில்லாத வாயை முழுசாகத் திறந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நெஜமாவே தெரியாது போலக்குதே" என்று டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு, "அதான் ஐயா நானும் சொல்லிக்கினு இருக்கேன்" என்றான். "சுகன்யா, அந்த டம்ளர எட்தா" என்றார் மாமா. செட்டை மாட்டிக்கொண்டு முதல் வேலையாக, "பத்திரிகைல உங்க டிகிரி எப்டி மாப்ள போடணும்?" என்று கேட்டார். எனக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அறிவைக் காட்டி மாப்பிள்ளை ஆனவர்கள் ஊரில் ஏராளம். அறிவில்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்து மாப்பிள்ளை ஆனவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

இதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. டில்லிபாபு திருநின்றவூரில் கிளினிக் வைத்திருக்கிறான். என் மாமனார் வீட்டில் யாருக்குப் பல் வலித்தாலும் அவனிடம்தான் போவார்கள். என் மனைவியும் அப்படித்தான். என் மகளும் அப்படித்தான். அவளுக்கு முதல் பல் ஆடியபோது நான் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். "நீ வேணாம்பா, டில்லி மாமா பாக்கட்டும்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வீட்டில் எதைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும், மாம்பழமாக இருந்தாலும் சரி, மனையாக இருந்தாலும் சரி, "தொறந்து பாத்தீங்களா?" என்று ஒரு குரல் வரும். அத்தை மட்டும் எதுவும் சொல்லமாட்டாள். அன்றிலிருந்து என் எதிரில் அவள் உதடு பிரிந்து சிரித்ததே இல்லை.

பிரின்சிபல் மேடம் என் முறையை ஒழித்துவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் நேர்மாறாகச் சொன்னார். "இத்தனை வருஷத்துல நான் பார்த்த கிளாஸ்லயே அதுதான் பசங்க மனசுல நின்னுது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் நடத்துங்க. அந்தப் பெரியவரையே கூட்டிக்கிட்டு வாங்க."

மாமா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் புதுச் சட்டை தைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் புது பேட்ச்சின் முதல் நோயாளி அவர்தான். டீக் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகிறார். அல்வா, ஜாங்கிரி எல்லாம் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. பசங்கள் 'மிக அதிக அபாயம்' என்று எழுதி முடித்ததும் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். அப்புறம் நிதானமாகக் கழற்றித் தட்டில் வைப்பார். திரும்பும் ரயிலில் முழுக்க அதே பேச்சுதான். வீட்டுக்குப் போய் அதை மறுபடியும் நடித்துக் காட்டுவார். என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இந்த வருடமும் அழைத்துப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் கேள்விக்குத் தயாராக இருந்தார். முன்னால் நின்ற ஒரு ஒல்லிப் பெண் கேள்வி எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "சார், வாயைப் பார்க்காம எப்படி யோசிக்கறது? யோசிக்கறதுக்கு முதல்ல பல்லு இருக்கான்னு தெரியணுமில்ல?" என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, "ஐயா, கொஞ்சம் வாயைத் திறங்க" என்றாள். திறந்தார். "செட்டு, சார். ரிஸ்க் இல்ல" என்றாள். வகுப்பு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமாக நான் இதற்காகத்தானே கத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கு எதிராகவே யோசித்த முதல் மாணவி.

மாமா ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். செவ்வாப்பேட்டை நெருங்கும்போதுதான் திரும்பினார். "இன்னா பொண்ணு மாப்ள அது? டீ குடிக்கறனான்னு கூட ஒரு வார்த்த கேக்கல" என்றார். வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

"எங்கப்பா காலைல நாஷ்டா சாப்ட்டதோட சரி" என்றாள் சுகன்யா. "அந்தப் பொண்ண பெயிலாக்குங்க."

நான் அவளுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.